மாமியாரின் முன்சக்கரங்கள்

மாப்பிள்ளைக்குப் பெண் கிடைத்ததே ஒரு பொய்யால்தான். வேலை, சம்பளம், வயது, வழுக்கை விழத் தொடங்கிய உச்சி, எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடிதான் சொன்னார். மெத்தைக் கடையில் மேலாளர் என்பதைக்கூட மறைக்கவில்லை. ஆனால் பெண் வீட்டுக்கு முதன்முதலாகப் போன அன்று, வாசலில் நின்றிருந்த காரை எல்லாம் தெரிந்தவர் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முன்சக்கரத்துப் பக்கம் குனிந்து பார்த்து, "முன்னாடி புஷ் போயிருக்கும் போல இருக்கே" என்று சொல்லிவிட்டார்.

புஷ் என்றால் தின்பதா உடுப்பதா என்று அவருக்குத் தெரியாது. அன்று காலை முடிவெட்டப் போன சலூனில், முறை வரும்வரை புரட்டிய அட்டையில்லாத கார் பத்திரிகையில் அந்த வார்த்தை இருந்தது. வாயில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது. அவ்வளவுதான்.

அதுவரை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வெளிச்சத்தில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது போல அவரைப் பார்த்துக்கொண்டிருந்த வருங்கால மாமியார், அந்த ஒரு வாக்கியத்தில் உருகிவிட்டார். எழுந்து வந்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். "இவருக்கு வண்டி தெரியுது" என்று மகளிடம் சொன்னார். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது.

மாமியார் எலும்பு டாக்டர். ஓய்வு பெற்றுவிட்டாலும் ஆஸ்பத்திரியில் இன்னும் அவரைச் 'சுத்தியல்' என்றுதான் சொல்வார்கள். இடுப்பு மூட்டு மாற்றுவதில் கெட்டிக்காரர். அடித்தால் ஒரே அடி, மூட்டு போய் இடத்தில் உட்கார்ந்துவிடும். வேலையை விட்டு வரும்போது ஆஸ்பத்திரிக்காரர்கள் வெள்ளி முலாம் பூசிய சுத்தியல் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்து, கார் நிறுத்தும் கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவைத்தார். ஆணி அடித்ததும் அந்தச் சுத்தியலாலேயேதான்.

அந்தக் கார் மகளுக்கு முன்னால் அந்த வீட்டுக்கு வந்தது. அதனால் செல்லம் முழுக்க அதற்குத்தான் என்று மகள் சிறுவயது முதல் புலம்பி வந்தாள். கரும்பச்சை நிறம். இரண்டே கதவு. மூக்கு நீளம். பின்னிருக்கையில் உட்கார வேண்டுமானால் முழங்காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மிதித்தால் பறக்கும். மாமியார் மிதிக்கத் தயங்குகிறவரும் இல்லை. அவரோடு ஒருதரம் சந்தை வரைக்கும் போய்வந்தவர்கள், அடுத்த தரம் நடந்தே வந்துவிடுவதாகச் சொல்லிவிடுவார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை அந்தக் காரை விட்டு ஒதுங்கியே வாழ்ந்தார். பேச்சு என்ஜின் பக்கம் திரும்பினால் அவருக்குக் கழிப்பறை அவசரம் வந்துவிடும், அல்லது கடையிலிருந்து போன் வந்துவிடும். மனைவிக்கு உண்மை தெரியும். கல்யாணமான சூட்டோடு அவளிடம் ஒப்புக்கொண்டுவிட்டார். அவள் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சண்டை வரும் நாட்களுக்கு இருக்கட்டும் என்று பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தார். வண்டிப் பரிசோதனை நிலையத்துக்காரர் கெடுத்துவிட்டார்.

வருடா வருடம் நடக்கிற பரிசோதனைதான். அந்த ஆள் காரைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். விழப்போகிற பால்பல் மாதிரி அது ஆடியது. "இதோட ரோட்டுக்குப் போனீங்கன்னா, சக்கரம் ஒரு பக்கம் போகும், நீங்க ஒரு பக்கம் போவீங்க" என்று சொல்லி, தாளில் சிவப்பு முத்திரை குத்திவிட்டார். அடுத்த மாதம் ஊருக்கு வெளியே பந்தயத் திடலில், பழைய வண்டி வைத்திருப்பவர்களை ஒரு நாள் இஷ்டத்துக்கு ஓட்ட விடுகிறார்கள். மாமியார் அதற்குப் பெயர் கொடுத்துவிட்டு, புதுக் கையுறை வரைக்கும் வாங்கி வைத்திருந்தார்.

மெக்கானிக்கிடம் விடலாமே என்று கேட்கத் தோன்றும். ஊரிலிருக்கும் மெக்கானிக் அத்தனை பேரோடும் மாமியார் சண்டை போட்டு முடித்தாகிவிட்டது. ஒருவரோடு, இருக்கையில் எண்ணெய்க் கையை வைத்ததற்கு. ஒருவரோடு, வண்டியை எடுத்துக்கொண்டு கொழுந்தியாள் வீட்டு விசேஷத்துக்குப் போய்வந்ததற்கு. இன்னொருவரோடு எதற்காகச் சண்டை என்று இருவருக்குமே நினைவில்லை, ஆனால் சண்டை மட்டும் அப்படியே இருந்தது.

ஆகவே மாப்பிள்ளைக்குப் போன் வந்தது.

"மாப்பிள்ளை, சாமான் எல்லாம் வரவழைச்சுட்டேன். சனிக்கிழமை காலையில வந்துடுங்க. பழைய சட்டை போட்டுக்கிட்டு வாங்க."

"அத்தை, எனக்கு அன்னைக்குக் கடையில..."

"கடைக்கு லீவு சொல்லியாச்சு. உங்க முதலாளியோட முழங்கால் நான் வச்சதுதான்."

போனை வைத்துவிட்டு மாப்பிள்ளை மனைவியின் முகத்தைப் பார்த்தார். மனைவி தீயணைப்பு நிலையத்தில் அதிகாரி. பிறர் வீடு எரியும்போது நிதானமாக இருந்து பழகியவள். புருஷன் எரியும்போதும் அதே நிதானம்தான்.

"இப்பவாவது அம்மாகிட்ட உண்மையச் சொல்லிடு" என்றாள்.

"சொன்னா என்ன ஆகும்?"

"உன் இடுப்பைக் கழட்டி, முன்னபின்ன மாத்தி மாட்டிடுவாங்க."

"அப்ப சொல்லலை."

"சரி. ஆனா ஒண்ணு. ஸ்டாண்டு வைக்காம வண்டிக்கு அடியில போகாத. நசுங்கிப்போனா உன்னை எடுக்க வர்றது எங்க ஆளுங்கதான். எனக்குத்தான் அசிங்கம்."

வெள்ளிக்கிழமை முழுக்க மாப்பிள்ளை போனில் வீடியோ பார்த்தார். வீடியோவில் ஒரு இளைஞன், வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்குப் படாமல், போல்ட்டுகளைப் பூப்பறிப்பது போல் கழற்றினான். இவ்வளவுதானா என்று மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. துரு என்ற ஒன்று இந்த உலகத்தில் உண்டு என்பதை அந்த வீடியோ சொல்லவேயில்லை.

சனிக்கிழமை காலை கொட்டகையில் எல்லாம் தயாராக இருந்தது. தரையில் பழைய போர்வை. மேஜைமேல் பச்சைத் துணி விரித்து, ஸ்பேனர்களை அளவுவாரியாக, அறுவை சிகிச்சைக்கு அடுக்குவது போல மாமியார் அடுக்கியிருந்தார். தலையில் துணித் தொப்பி. கையில் உறை. மூலையில் பெரிய ஐஸ் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. இரண்டு அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, கறுப்பாக வளைந்த இரண்டு இரும்புகளை வெளியே எடுத்து வைத்தார்.

"லோயர் ஆர்ம்" என்றார் பெருமையாக. "சக்கரத்தையும் வண்டியோட உடம்பையும் சேர்த்துப் பிடிக்கிற கை. இந்த முனையில பால் ஜாயிண்ட். உருண்டையும் கிண்ணமும், அப்படியே இடுப்பு மூட்டு. அந்த முனையில ரப்பர் புஷ். உங்களுக்குத் தெரியாததா?"

"ஆமா, ஆமா" என்றார் மாப்பிள்ளை. உருண்டையும் கிண்ணமும் அவருக்கு முதல் அறிமுகம்.

முதல் கட்டம் வீடியோவில் பார்த்தபடியே நடந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கினார். மனைவியின் முகத்தை மனதில் வைத்து, ஸ்டாண்டுகளை வைத்து, ஆட்டிப் பார்த்து, மறுபடியும் ஆட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் சக்கரத்தைக் கழற்றினார். "நிதானமா செய்றீங்க. அதான் அனுபவம்ங்கிறது" என்றார் மாமியார். மாப்பிள்ளை ஸ்டாண்டை இன்னொரு தரம் ஆட்டிப் பார்த்தார்.

வலது பக்கம் ஆரம்பித்தார்கள். பால் ஜாயிண்ட்டின் நட்டு வந்துவிட்டது. ஆனால் ஜாயிண்ட் வரவில்லை. பெற்ற பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இரும்பை இரும்பு பிடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கம்பி கொடுத்து நெம்பிப் பார்த்தார். வாய்க்குள்ளேயே அதன் பரம்பரையை இழுத்தார்.

"தள்ளுங்க" என்றார் மாமியார். சுவரிலிருந்து வெள்ளிச் சுத்தியலை எடுத்தார். ஜாயிண்ட்டையே அடிக்காமல், அதைப் பிடித்திருந்த இரும்பின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்து, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்து, ஓங்கி ஒரே போடு. டங் என்ற சத்தம் தெருவரைக்கும் போனது. ஜாயிண்ட் கழன்று, ஆர்ம் தொபுக்கென்று கீழே தொங்கியது. சுத்தியலில் வெள்ளி ஒரு பக்கம் பெயர்ந்து வந்துவிட்டது. மாமியார் அதைக் கண்டுகொள்ளவேயில்லை.

"உயிரோட இருக்கிறவங்களை இவ்வளவு வேகமா அடிக்க விடமாட்டாங்க" என்றார், கொஞ்சம் ஏக்கத்தோடு.

அடுத்தது உள்பக்கத்துப் போல்ட். அங்கேதான் விதி உட்கார்ந்திருந்தது. துரு இளக்கும் எண்ணெயை அடித்தார்கள், காத்திருந்தார்கள், மறுபடி அடித்தார்கள். ஸ்பேனரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, மாப்பிள்ளை தொங்கினார். ஒன்றும் நகரவில்லை. காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, முழு பலத்தோடு இழுத்தார். அப்போது போல்ட், இத்தனை வருடமும் பிடித்துவைத்த மூச்சை ஒரே அடியாக விட்டது. குழாய் பறந்தது. மாப்பிள்ளையின் கை போய் பிரேக் தட்டில் மோதியது.

வலி உடனே வரவில்லை. முதலில் கண்ணுக்குத்தான் வந்தது. சுண்டு விரல், மற்ற விரல்களோடு மனஸ்தாபம் கொண்டது போல, வேறு ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தை" என்றார் மெல்லிய குரலில். "என் விரல் தப்பா இருக்கு."

மாமியாரின் முகம் மலர்ந்துவிட்டது. காலையிலிருந்து காருக்கு உதவியாளாக இருந்தவருக்கு, இதோ சொந்தத் தொழில். "மூட்டு நழுவியிருக்கு. உடையல. உட்காருங்க, கையக் குடுங்க. பாக்காதீங்க, அந்தப் பக்கம் திரும்புங்க." கை அவருடைய பிடிக்குள் போனது. குரல் சாதாரணமாக, பழைய கதை கேட்பது போல வந்தது. "ஆமா மாப்பிள்ளை, ரொம்ப நாளா கேக்கணும்னு நினைச்சேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்ப, வண்டியத் தொடாமலேயே புஷ் போயிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

நோயாளியின் கவனத்தைத் திருப்புவதற்காக டாக்டர்கள் இப்படித்தான் எதையாவது கேட்பார்கள். மாப்பிள்ளை பதிலை யோசிக்க வாயைத் திறந்தார். அந்த நொடியில் மாமியார் இழுத்தார். டக்.

"சலூன்ல படிச்சேன் அத்தை!" என்று அலறினார் மாப்பிள்ளை. "எனக்கு ஒண்ணும் தெரியாது! புஷ்ஷும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது! சும்மா சொன்னேன்!"

மாமியார் விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

விரல் நேராகிவிட்டது. மாமியார் அதைப் பக்கத்து விரலோடு சேர்த்து, கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் அழகாகச் சுற்றினார். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"சலூன்லயா?"

"ஆமா அத்தை."

"நீங்க அன்னைக்குச் சொன்னதைக் கேட்டுட்டு அடுத்த வாரமே வண்டிய மெக்கானிக்கிட்ட கொண்டுபோனேன். அவன் பாத்துட்டு, 'அம்மா, புஷ் கல்லு மாதிரி இருக்கு, கைவைக்காதீங்க'ன்னான். என் மாப்பிள்ளைக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாடான்னு கேட்டேன். வண்டியோட பிறந்த நல்ல புஷ்ஷைக் கழட்டிப் போட்டுட்டு, கிடைச்ச மட்டமான ஒண்ண மாட்டச் சொன்னேன். அவன் அன்னைக்குப் போனவன்தான், இன்னைக்கு வரைக்கும் என் போனை எடுக்கிறதில்லை." கழற்றிப்போட்ட ஆர்மைக் காலால் தள்ளிக் காட்டினார். வெடித்து, பிய்ந்து, வாயைப் பிளந்துகொண்டிருந்தது ரப்பர். "அந்த மட்டமான புஷ் இதுதான்."

மாப்பிள்ளை ரப்பரைப் பார்த்தார். "மன்னிச்சுடுங்க" என்று அந்த ரப்பரிடமே சொன்னார்.

மாமியார் அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. வேலையை நிறுத்தவும் இல்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. ஸ்பேனர் வேண்டுமென்றால் கையை நீட்டுவார். மாப்பிள்ளை தவறானதைக் கொடுத்தால், அதை மேஜையில் வைத்துவிட்டு மறுபடியும் கையை நீட்டுவார்.

மத்தியானம் மனைவி பணி முடிந்து, சீருடையோடு, ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு நேரே வந்தாள். கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் ஸ்டாண்டுகளை உதைத்துப் பார்த்தாள். அப்புறம் இரண்டு முகங்களையும் பார்த்தாள். அப்புறம் டேப் சுற்றிய விரலைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுபோச்சா?"

"உனக்கும் முன்னாடியே தெரியுமா?" என்றார் மாமியார்.

"தெரியும்."

"நல்ல குடும்பம். அவர்கிட்ட சொல்லு, அந்த நீளப் போல்ட்டைத் துடைச்சு வைக்கச் சொல்லு."

"அம்மா, அவர் உனக்குப் பக்கத்துலதான் இருக்கார்."

"அவர்கிட்ட சொல்லு."

"என்னப்பா, போல்ட்டைத் துடைச்சு வைக்கணுமாம்."

"துடைச்சாச்சுன்னு சொல்லு" என்றார் மாப்பிள்ளை. அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஒரு கல்யாணத்துக்காக ஒரு வார்த்தை சொன்னது குற்றமா? அதுவும் வலியில் இருப்பவனிடம் கேள்வி கேட்டு உண்மையைப் பிடுங்குவது என்ன நியாயம்?

கொஞ்ச நேரம் தபால்காரி வேலை பார்த்த மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஐஸ் பெட்டிமேல் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சலித்துப்போனது. "காலையிலிருந்து ஒரு கிடங்குத் தீயோட மல்லுக்கட்டிட்டு வந்திருக்கேன். அதுகூட உங்க ரெண்டு பேர் மாதிரி புகையல" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

மிச்சம் இருந்ததோ பேசாமல் செய்யக்கூடிய வேலை அல்ல. புது ஆர்மை உள்ளே நுழைத்து, அதன் ஓட்டையும் வண்டியின் ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் போல்ட் போகும். ஒருவர் ஜாக்கியால் மயிரிழை மயிரிழையாகத் தூக்க வேண்டும். இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருந்து சரியான கணத்தில் போல்ட்டைச் செருக வேண்டும். மாமியார் போல்ட்டோடு படுத்துக்கொண்டார். மாப்பிள்ளை ஜாக்கியின் பிடியைப் பிடித்தார். ஓட்டை மேலே போனது, கீழே போனது, கண்ணாமூச்சி காட்டியது. மாமியார் கட்டைவிரலை மேலே காட்டினார், கீழே காட்டினார்.

கடைசியில் வெடித்துவிட்டார். "தூக்கு!"

மாப்பிள்ளை தூக்கினார்.

"இன்னும். இன்னும் கொஞ்சம். ஐயோ, நிறுத்து, நிறுத்து! அவ்வளவா சொன்னேன்? இறக்கு. ஊசி முனையளவு. சலூன்காரா, ஊசி முனைன்னா தெரியுமா தெரியாதா?"

"கொஞ்சம் இருங்க அத்தை, கையில விரல் வேற சரியில்ல!"

"சாக்கு சொல்லாத. இப்ப தூக்கு. அப்படியே. அசையாத!"

போல்ட் சளக்கென்று உள்ளே போனது. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். மாமியார் தன்னை 'நீ' போட்டுப் பேசியது மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. இத்தனை வருடமாக வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க என்று விருந்தாளியாகவே வைத்திருந்தவர். அந்த மரியாதைக்குக் கீழே மாப்பிள்ளை எப்போதும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்ட நிலையிலேயே இருந்தார். இப்போது ஏனோ காலை நீட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இடது பக்கம் வேகமாக நடந்தது. திட்டு இருந்தால் வேலை ஓடும் என்பதை மாப்பிள்ளை கண்டுகொண்டார். இருவரும் மாறி மாறித் திட்டிக்கொண்டார்கள், காரையும் சேர்த்துத் திட்டினார்கள். நட்டுகளையெல்லாம் இறுக்கி, சக்கரம் மாட்டி, ஸ்டாண்டை எடுத்துக் காரைக் கீழே இறக்கியபோது வெயில் சாய்ந்திருந்தது.

இறக்கிவிட்டுப் பார்த்தால், கார் நிமிர்ந்து நின்றது.

மூக்கைத் தூக்கிக்கொண்டு, நாயைக் கண்ட பூனை போல முன்பக்கம் எழும்பி நின்றது. குளித்துவிட்டு வந்த மனைவி, "என்ன இது, புறப்படப்போற விமானம் மாதிரி இருக்கு?" என்றாள்.

மாமியார் முன்பக்கத்தின்மேல் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கினார். கொஞ்சம் அமுங்கியது, உடனே எழும்பிக்கொண்டது. அவர் முகம் முதன்முதலாக வாடியது. "தப்பான சாமானை அனுப்பிட்டானா? இல்ல நாமதான் தலைகீழா மாட்டிட்டோமா?" வாழ்க்கையில் மூட்டு எதையும் தலைகீழாக மாட்டாதவருக்கு அந்தச் சந்தேகமே அவமானம்.

மாப்பிள்ளை சக்கரத்தருகே உட்கார்ந்தார். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. சக்கரத்தருகே குனிந்து அவர் கடைசியாக உதிர்த்த வார்த்தையின் பலனை இன்று காலையிலிருந்து அனுபவித்துக்கொண்டிருக்கிறார். ஆனாலும் காரைப் பார்க்கப் பார்க்க, கடையில் தினமும் பார்க்கிற ஒன்றுதான் கண்ணில் பட்டது.

"அத்தை, நான் சொல்றது தப்பா இருக்கலாம்."

"தப்பாத்தான் இருக்கும். சொல்லு."

"மெத்தை வாங்க வர்றவங்க கையால அமுக்கிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்வாங்க. நான் விடமாட்டேன். ஆள் ஏறிப் படுத்த பிறகுதான் அது எங்க போய் நிக்கும்னு தெரியும். நாம சக்கரம் அந்தரத்துல தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிட்டோம். அந்த ரப்பர் தொங்கின நிலையிலேயே மாட்டிக்கிச்சு. இப்ப வண்டி எடை வந்ததும் முறுக்கிக்கிட்டு, கீழ வரமாட்டேங்குது."

மாமியார் முன்பக்கத்திலிருந்து கையை எடுத்தார். "இது எந்தச் சலூன்?"

"இது கடை அத்தை."

"காலை மடக்கின நிலையில கட்டுப் போட்டா நோயாளி எப்படி நடப்பான்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார் மாமியார். பிறகு சட்டென்று, "பலகை எடுத்துட்டு வா" என்றார்.

நான்கு சக்கரத்துக்கு அடியிலும் தடித்த பலகைகளைக் கொடுத்துக் காரை ஏற்றினார்கள். கார் இப்போது சொந்தக் காலில், முழு எடையோடு நின்றது. அடியில் ஒரு ஆள் நுழையுமளவு இடம் கிடைத்தது. மனைவி பலகைகளை உதைத்துப் பார்த்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை முட்டுக்கொடுத்து, தலையாட்டினாள். மாப்பிள்ளை படுத்து உள்ளே போனார்.

"அத்தை, நீங்க உள்ள ஏறி உட்காருங்க."

"எதுக்கு?"

"ஓட்டுறவங்க எடை வேணும்ல."

"என் எடையப் பத்தி உன்கிட்ட யாரு கேட்டா?" என்றபடி மாமியார் ஏறி உட்கார்ந்தார். மாப்பிள்ளை உள்பக்கப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கார் ஒரு பெருமூச்சோடு அமர்ந்தது. மூக்கு இறங்கி, தோள் தளர்ந்து, பழைய திமிரான நிலைக்கு வந்தது. அந்த நிலையிலேயே வைத்து மறுபடியும் இறுக்கினார். உள்ளே இருந்து ஸ்டியரிங்கைத் தட்டும் சத்தம் கேட்டது. மாமியார் சந்தோஷத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

திங்களன்று சக்கரக் கோணம் சரிபார்க்கும் கடைக்குக் காரை மெதுவாக உருட்டிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்தவர் அடியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இந்த வேலை யார் செஞ்சது?" என்று கேட்டார். பாராட்டா திட்டா என்று குரலிலிருந்து தெரியவில்லை.

"இவர்தான்" என்றார் மாமியார்.

"அவங்கதான்" என்றார் மாப்பிள்ளை.

"சுத்தமா இருக்கே. நான் ஒண்ணும் தொட வேண்டியதில்லை, கோணத்தை மட்டும் வச்சா போதும்."

"நான் சொல்லச் சொல்லத்தான் செஞ்சான்" என்றார் மாமியார்.

"முக்கியமான யோசனை என்னுது" என்றார் மாப்பிள்ளை.

வீடு வரும் வழியில் இதைப் பற்றியே சண்டை. மறுநாள் பரிசோதனை நிலையத்துக்காரர் சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, அது ஆடாததால் தானே ஆடிப்போய், பச்சை முத்திரை குத்தினார். அன்று மாலையே மாமியார் கையுறை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊரின் பெரிய ரவுண்டானாவைச் சுற்றினார். வெளியே போகும் சாலை வந்தபோதெல்லாம் அதை விட்டுவிட்டு மறுபடியும் சுற்றினார். டொக் என்ற பழைய சத்தம் இல்லை. ஆட்டம் இல்லை. வண்டி சாலையில் கோடு கிழித்த மாதிரி போனது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, கதவின் பிடியை டேப் சுற்றிய விரலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் மாமியார்.

"வாந்தி வருது."

"கண்ணாடிய இறக்கிக்கோ. சீட்டுல எடுத்தா கொன்னுடுவேன்."

பந்தயத் திடல் நாளன்று மாப்பிள்ளைக்குக் கடையில் வேலை இருந்தது. புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று விலை உயர்ந்த மெத்தையில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு, மருத்துவமனை வராந்தாவில் நிற்பவர் போல அமைதியாக நின்றிருந்தார். போன் அடித்தது. எடுத்தால் ஒரே காற்றிரைச்சல், அதற்குள் மாமியாரின் குரல்.

"டேய், சுத்திட்டேன்!"

"யாரை அத்தை?"

"வண்டி சுத்திடுச்சுடா! ராட்டினம் மாதிரி! எனக்கு ஒண்ணும் இல்ல, வண்டிக்கும் ஒரு கீறல் இல்ல, புல்லுமேல உட்கார்ந்திருக்கோம்."

"எப்படி அத்தை? நாம இறுக்கினது ஏதாவது..."

"சீ, அது இல்ல. முன்பக்கம் தரையைக் கவ்விப் பிடிச்சுக்கிச்சு. பின்பக்கத்துக்குத்தான் கூடவே வர இஷ்டமில்ல, தனியாக் கிளம்பிடுச்சு. பாக்க வந்திருந்த எங்க டாக்டர் கிழவிங்க எல்லாம் எழுந்து நின்னு கை தட்டினாங்க." மூச்சு வாங்கச் சிரித்தார். "இரு, தீயணைப்பு வண்டி வருது. உன் பொண்டாட்டி மாதிரியே மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒருத்தி இறங்குறா. வீட்டுல அவகிட்ட எதுவும் சொல்லிடாத. வைக்கிறேன்."

மெத்தையிலிருந்து புது மாப்பிள்ளை ஒரு கண்ணைத் திறந்தான். "ஏதாவது பிரச்சினையா சார்?"

"ஒண்ணுமில்ல, வீட்டு விஷயம்" என்றார் மாப்பிள்ளை. "நீங்க பக்கவாட்டுல திரும்பிப் படுத்துப் பாருங்க."